விலாசம்: கடல் கடந்த கணக்குகளின் கதை

அண்மையில் விடுமுறைக்குப் பண்பொழி வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளை நீட்டினார். சிங்கப்பூரில் சிறிய அளவில் மளிகைப் பொருள் இறக்குமதி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். நிறுவனம் பதிவாகிவிட்டது, வங்கிக் கணக்குதான் இன்னும் திறக்கப்படவில்லை. அந்தத் தாள் வங்கி கேட்டிருக்கும் ஆவணங்களின் பட்டியல். நிறுவனப் பதிவு விவரம், அமைப்பு விதிகள், கணக்குத் திறக்கவும் கையொப்பமிடவும் அதிகாரம் அளிக்கும் இயக்குநர் குழுத் தீர்மானம், இயக்குநர்கள், கையொப்பமிடுவோர் அனைவரின் கடவுச்சீட்டு நகல்கள், ஒவ்வொருவருக்கும் முகவரிச் சான்று, இறுதியில் பயனடையும் உரிமையாளர் யார் என்ற உறுதிமொழி, முதல் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம், யாரிடம் வாங்கி யாரிடம் விற்கப் போகிறார் என்பதைக் காட்டும் ஒப்பந்தங்கள். பண்பொழியில் இருக்கும் அவருடைய தந்தையும் பங்குதாரர் ஆதலால், அவருடைய தமிழ் ஆவணங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, நோட்டரியின் சான்றும் அப்போஸ்டில் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும்.

இவையெல்லாம் கூடச் சேர்ந்துவிட்டன. தடையாக நின்றது ஓர் எழுத்து. ஓர் ஆவணத்தில் தந்தையின் பெயருக்கு முன்னால் முதலெழுத்து. இன்னொன்றில் அந்த முதலெழுத்து விரிந்து முழுப் பெயராகிவிட்டது. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்னும் கட்டமே வெறுமையாகக் கிடக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு இனி ஒரு தனி ஆவணம் வேண்டுமாம்.

"சார், அந்தக் காலத்துல பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன செட்டியார்மாரு இத்தனை தாளையா தூக்கிட்டுப் போனாங்க?" என்று அவர் சலிப்போடு கேட்டார். சலிப்பில் பிறந்த கேள்வியாயினும் அது நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

தாளின் தொன்மை

கடல் கடந்த வாணிகத்துக்குத் தாள் புதிதன்று. வியன்னா நகரின் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் சுவடி இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. 1985-இல் அறிஞர் உலகுக்கு வெளியிடப்பட்டது. ஒரு பக்கத்தில், முசிறி வாணிகத்தை ஒட்டி ஏற்பட்ட கடன் ஒப்பந்தம் பேசப்படுகிறது. மறுபக்கத்தில், 'ஹெர்மபோலன்' என்னும் கப்பலில் வந்த சரக்குகளின் மதிப்பு கணக்கிடப்பட்டிருக்கிறது. கடன் வாங்கியவன் சரக்கை எவ்வழியே கொண்டுவந்து எங்கே பண்டகசாலையில் சேர்க்க வேண்டும், தவணை தவறினால் அந்தச் சரக்கு யாருக்குச் சேரும் என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. மாணவரின் கையிலிருந்த பட்டியலின் தொன்மையான உறவினர் என்று அதைச் சொல்லலாம்.

நம் பக்கத்துச் சான்று கல்லில் கிடைக்கிறது. சுமத்திராவின் பாருஸ் பகுதியில், லோபு துவா என்னுமிடத்தில், கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் பெயரால் பொறிக்கப்பட்ட அது, அங்கு வரும் கப்பல்களிடம் பொன்னாகப் பெறவேண்டிய தொகை பற்றிய ஏற்பாட்டைப் பதிவு செய்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, பேசுவது தனிவணிகன் அல்லன், குழு என்பதே. அயல்மண்ணில் ஒருவனுக்கு முகவரி தருவது அவன் சார்ந்த குழு. முசிறிச் சுவடியின் வழி, ஒப்பந்தத்தால் நம்பிக்கையைக் கட்டுவது. பாருஸ் கல்லின் வழி, குழுவால் நம்பிக்கையைக் கட்டுவது. பின்வந்த வரலாறு முழுவதும் இந்த இரண்டு வழிகளின் இழுபறியே.

மேலாளின் பெட்டி

19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா, இந்தோசீனா எனத் தென்கிழக்கு ஆசியாவெங்கும் பரவியபோது, முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். கடல் கடந்து சென்றவர் மேலாள். அவருக்கு உதவியாக அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்த வாசகர்களுக்கு இந்தச் சொற்களும் அவை சுட்டும் உலகமும் அந்நியமல்ல. இரங்கூனின் மொகல் தெரு, சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு, கொழும்பின் செட்டியார் தெரு ஆகிய இடங்களில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகளின் மேலாள்கள், ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாக அமர்ந்து தொழில் நடத்திய இடம் கிட்டங்கி.

மேலாளின் கையில் தாள் ஏதுமில்லை என்று எண்ணுவது தவறு. குறைந்தது மூன்று இருந்தன. முதலாவது சம்பளச்சீட்டு. பொதுவாக மூன்றாண்டு காலத்துக்கு இன்ன சம்பளம், இன்ன பொறுப்பு என்று முதலாளிக்கும் மேலாளுக்கும் இடையே எழுதிக்கொண்ட ஒப்பந்தம். இரண்டாவது அதிகாரப் பத்திரம். முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும், வாங்கவும், வழக்காடவும், சொத்தை ஈடு பெறவும் மேலாளுக்கு உரிமை தருவது இதுதான். 1882ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டம் இந்தியாவில் இதற்கொரு சட்ட வடிவம் தந்திருந்தது. ஆங்கிலேயர் நீதிமன்றமும் ஆங்கிலேயர் வங்கியும் மேலாளை ஏற்றுக்கொண்டது இந்தப் பத்திரத்தின் பலத்தால்தான். மூன்றாவது கணக்கு: நாள்தோறும் எழுதும் குறிப்பும், பேரேடும், அவற்றிலிருந்து பிழிந்தெடுத்து ஊருக்கு அனுப்பும் ஐந்தொகையும். தவணை முடிந்து ஊர் திரும்பும் மேலாள் ஐந்தொகையை ஒப்புவித்த பின்பே பொறுப்பிலிருந்து விடுபட்டார்.

இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டால், இயக்குநர் குழுத் தீர்மானத்தின் இடத்தில் அதிகாரப் பத்திரம்; பணத்தின் மூலம் பற்றிய ஆதாரத்தின் இடத்தில் ஐந்தொகை. அப்படியானால் வேறுபாடு எங்கே? முகவரிச் சான்றில் இருக்கிறது.

விலாசம் என்னும் சொல்

விலாசம் என்றால் இன்று நமக்கு வீட்டு முகவரி. நகரத்தார் வழக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. பாட்டனார், தந்தையார், தம் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து அமைத்த கடைப்பெயரே விலாசம். 'ஆனா', 'மூனா', 'சூனா' என்று அவ்வெழுத்துகளை ஒலிப்பார்கள். சில விலாசங்களில் ஐந்தாறு எழுத்துகள் கூட இருக்கும். கேட்பவருக்கு அது வெறும் எழுத்துச்சரம். உள்ளே இருப்பவருக்கு அது மூன்று தலைமுறையின் வரலாறு: எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு, யாருக்குப் பெண் கொடுத்தவர், எப்போதேனும் வாக்குத் தவறியவரா.

ஆகவே கொழும்பிலோ இரங்கூனிலோ ஒரு மேலாள் புதிதாக வந்து இறங்கியதும், அவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை கிட்டங்கியில் இல்லை. விலாசத்தைச் சொன்னால் போதும். இரங்கூனில் மேலாள்கள் மாதந்தோறும் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். தொழிலும் வழிபாடும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. வாக்குத் தவறியவன் வங்கியில் மட்டுமன்று, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் முகம் காட்ட முடியாது. இன்றைய வங்கிகள் 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்' என்று பல பக்கங்களில் எழுதி வைத்திருப்பதை, அந்த உலகம் உறவு என்னும் ஒரு சொல்லில் அடக்கி வைத்திருந்தது.

அரசுக்கு இந்த எழுத்துச்சரம் போதவில்லை. இலங்கையில் 1918ஆம் ஆண்டின் 6ஆம் எண் அவசரச் சட்டம், சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் தொழில் நடத்துவோர் அந்தப் பெயரையும் அதன் பின்னால் இருப்பவர்களையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்ற கேள்வியை அரசு எழுத்தில் கேட்டது. 'இறுதியில் பயனடையும் உரிமையாளர் யார்' என்று இன்றைய படிவம் கேட்பது அதே கேள்வியைத்தான்.

அந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். இலங்கையில் தொழில் வைத்திருந்த அருணாசலம் செட்டியார் 1938-இல் காலமானார். அவருடைய மகன் 1934-இலேயே இறந்துவிட்டார். குடும்பத்தில் எஞ்சியவர்கள் பெண்களே. இலங்கையின் மரணவரிச் சட்டம், பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பத்தின் சொத்துக்கு விலக்கு அளித்திருந்தது. ஒரே ஓர் ஆண் மட்டும் எஞ்சிய குடும்பத்தின் சொத்து கூட்டுக் குடும்பச் சொத்தா, அல்லது அந்த ஓர் ஆளின் தனிச்சொத்தா? வழக்கு கொழும்பில் தொடங்கி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து, 1957-இல் தீர்ப்பு வந்தது: பெண்கள் உறுப்பினர்களாக இருக்கும் குடும்பம் குடும்பமே, தத்தெடுப்பின் வழி அது தழைக்கவும் கூடும், ஆகவே சொத்து கூட்டுக் குடும்பத்துக்கு உரியது. அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது. விலாசத்தில் ஓர் எழுத்தாகக்கூட இடம்பெறாத பெண்கள்தாம் கடைசியில் அந்தச் சொத்தின் தன்மையை நிலைநிறுத்தினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சராப்பின் சொல்

வெள்ளையர் வங்கிகள் இந்த உலகத்தோடு எப்படிக் கணக்கு வைத்துக்கொண்டன? அவர்களுக்கு விலாசத்தைப் படிக்கத் தெரியாது. தமிழ் ஐந்தொகையும் புரியாது. எனவே இடையில் ஒருவரை நிறுத்தினார்கள். கொழும்பில் அவரைச் சராப்பு என்றார்கள். யாருக்குக் கடன் தரலாம், எவ்வளவு தரலாம் என்று சொல்வதும், தவறினால் தாம் பிணை நிற்பதும் சராப்பின் வேலை. கடன் பத்திரத்தில் கையொப்பம் இருக்கும். அதன் உயிர் சராப்பின் சொல்லில் இருந்தது. வங்கியில் கடன் வாங்கிய செட்டியார்கள் அதை நகரத்துச் சிறுவணிகருக்கும் சிங்கள நிலக்காரருக்கும் கூடுதல் வட்டிக்குத் தந்தார்கள்.

1925-இல் கொழும்பில் பெரிய செட்டியார் கடையொன்று முறிந்தது. வங்கிகள் அச்சமடைந்து செட்டியார்களுக்குத் தந்துவந்த கடனைச் சுருக்கின. ஒரு விலாசம் விழுந்ததும், மற்ற விலாசங்களின் மீதும் சந்தேகம் விழுந்தது. குழு நம்பிக்கையின் பலமும் பலவீனமும் இதுதான். ஒருவன் நாணயம் எல்லார்க்கும் முகவரி ஆவது போலவே, ஒருவன் தவறும் எல்லார்க்கும் களங்கமாகிவிடுகிறது. அடுத்த பத்தாண்டில், 1934-இல், சர் சோராப்ஜி போச்கன்வாலா தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1939-இல் இலங்கை வங்கி தொடங்கப்பட்டது. சராப்பை அறியாத சாதாரண இலங்கையரும் வங்கியின் படியேற வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னால் இருந்தது.

தமிழகத்திலும் இதே போக்கு. 1906-இல் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்த பிறகு, 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் வங்கி பிறந்தது. அது 1932-இல் கொழும்பில் கிளை திறந்தது. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. கிட்டங்கியின் பெட்டி வங்கியின் முகப்பாக மாறியது என்று இதைக் கொள்ளலாம்.

எது வெளிநாடு?

இவ்விடத்தில் பண்பொழிக்காரர்களாகிய நாம் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் நகர முடியாது. 1937 மார்ச் 31 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். தென்காசியில் செல்லும் ரூபாய் இரங்கூனிலும் செல்லும். கடல் இருந்தது, எல்லை இல்லை. ஆனால் தென்காசியிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் உள்ள செங்கோட்டை வேறு நாடு. அது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிப் பகுதி. அவர்களுக்குத் தனி அஞ்சல், தனிச் சுங்கம், தனி நாணயம். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் 8 காசு என்று மாற்று விகிதம் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்குச் சரக்கு கொண்டுபோன வணிகருக்கு, வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருந்த இரங்கூனைவிட அடுத்த ஊரே அயல்நாடு. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து, 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னரே அந்தக் கோடு முழுதாய் அழிந்தது.

அந்தக் கோட்டின் பொருளை 1938 உணர்த்தியது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் வங்கியும் 1937-இல் இணைந்து உருவான பெரிய வங்கி, 1938 ஜூன் மாதத்தில் கதவடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. ஏராளமான வைப்பாளர்கள் இருந்தார்கள். திவான் சர் சி.பி. இராமசுவாமி ஐயருக்கும் வங்கித் தலைவர்களுக்கும் இருந்த பகையே வீழ்ச்சிக்குக் காரணம் என்று ஒரு தரப்பும், நிர்வாகச் சீர்கேடே காரணம் என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. வங்கித் தலைவர்கள் சென்னையில் கைதுசெய்யப்பட்டுத் திருவிதாங்கூருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வைப்பாளரின் கையிலிருந்த சீட்டில் எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஆனால் அதை மதிக்க வேண்டிய அரசு எது என்ற கேள்விதான் பிழைபட்டது.

இதே பாடத்தைப் பர்மா இன்னும் கொடுமையாகக் கற்பித்தது. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்கள் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937-இல் சுமார் 25 விழுக்காடானது. ஈட்டுப் பத்திரங்கள் சட்டப்படி சரியானவை. ஆனால் நிலத்தை இழந்தவனின் கண்ணில் அந்தத் தாள் வேறொன்றாகத் தெரிந்தது. அதையும் நாம் மறைக்கலாகாது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது ஏறக்குறைய ஐந்து இலட்சம் இந்தியர்கள் நடந்தும் கப்பலேறியும் வெளியேறினார்கள். விடுதலைக்குப் பின் நிலம் நாட்டுடைமையானது, 1963 பிப்ரவரியில் வங்கிகள், 1964-இல் கடைகள். 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. பத்திரமும் பேரேடும் பெட்டியில் அப்படியே இருந்தன. அவற்றைப் படிக்கும் அரசுதான் மாறிவிட்டது.

விலாசம் இல்லாதவர்கள்

இதுவரை பேசியது விலாசம் உள்ளவர்களின் கதை. எங்கள் வட்டாரத்திலிருந்து கடல் கடந்தோரில் பெரும்பாலோர் அவ்வகையினர் அல்லர். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குச் சென்று, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். உடலுழைப்பு, உணவுக்கடை, சில்லறை விற்பனை ஆகியவை அவர்களின் தொழில். சராப்பு அவர்களுக்குப் பிணை நிற்கமாட்டார். கோயில் மண்டபத்தில் வட்டி நிர்ணயிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் தமக்கான விலாசத்தைத் தாமே கட்டினார்கள். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. 1946-இல் அந்த அமைப்பு உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. ஊர்ப் பெயர் அங்கே அமைப்பின் பெயரானது. முதலெழுத்து இல்லாதவர்கள் ஊரையே முதலெழுத்தாக்கிக் கொண்டார்கள்.

ஊருக்குப் பணம் அனுப்ப அவர்களில் பலர் நம்பியது உண்டியலை. உண்டியல் என்பது முன்பு மதிப்புமிக்க சொல். ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, அங்கே தரும் சீட்டைக் காட்டி வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் முறை அது. பார்த்தவுடன் தரவேண்டியது, தவணை கழித்துத் தரவேண்டியது என வகைகள் உண்டு. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கீழைமொழிகளில் எழுதப்படும் இத்தகைய ஆவணங்களுக்கான உள்ளூர் வழக்கத்தைத் தான் தொடவில்லை என்று தன் முதல் பிரிவிலேயே சொல்கிறது. ஆங்கிலச் சட்டம் தமிழ்ச் சீட்டுக்கு ஒதுங்கி வழிவிட்ட இடம் அது.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது. 1947-இல் அது தனிச் சட்டமானது, 1973-இல் கடுமையானது, 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் 2000 ஜூன் முதல் அதன் இடத்துக்கு வந்தது. இந்த அறுபதாண்டுகளில் உண்டியல் என்னும் சொல் தலைகீழாகிவிட்டது. இன்று அச்சொல்லுக்கு நம் செய்தித்தாளில் இரண்டே பொருள்: கோயிலில் காணிக்கை போடும் பெட்டி, காவல்துறை பிடிக்கும் சட்டவிரோதப் பணமாற்று. செய்கை ஒன்றுதான், அதைப் பார்க்கும் அரசின் கண் மாறியதும் நாணயத்தின் பெயர் குற்றத்தின் பெயராயிற்று.

இன்றைய பட்டியல்

இனி மாணவரின் தாளுக்குத் திரும்புவோம். அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1989-இல் பாரிசில் கூடிய ஜி-7 மாநாடு, பணச்சலவையைத் தடுக்க நிதிநடவடிக்கைப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. வாடிக்கையாளரின் அடையாளத்தையும் உண்மை உரிமையாளரையும் வங்கி அறிந்திருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் பரவியது அதன் வழியே. இந்தியாவில் 2002-இல் இயற்றப்பட்ட பணச்சலவைத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் இந்தியாவுக்கு அப்போஸ்டில் உடன்படிக்கையும் நடைமுறையானது. ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு தூதரகத்தின் தனிச்சான்று கேட்காமல் ஏற்றுக்கொள்ள வகைசெய்யும் ஏற்பாடு இது. சிங்கப்பூர் அதில் இணைந்து 2021 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது. பண்பொழியில் இருக்கும் தந்தை மகனுடைய நிறுவனத்தில் பங்கு கொள்ளலாம். அதற்கு 2022 ஆகஸ்ட் மாதத்தில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் வழிகாட்டுகின்றன. தனிநபர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பத்தக்க உச்சவரம்பு 2,50,000 அமெரிக்க டாலர்.

முதலெழுத்துச் சிக்கலும் இவருடையது மட்டுமன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டோடு வருவோருக்குச் சுற்றுலா நுழைவிசைவு இல்லை என்று அறிவித்தது. பின்னர், கடவுச்சீட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் தரப்பட்டது. குடும்பப் பெயரை விட்டொழித்துத் தந்தை பெயரின் ஓரெழுத்தை மட்டும் தாங்கி நிற்பது தமிழ்நாடு விரும்பித் தேர்ந்துகொண்ட வழக்கம். சாதிப் பெயரைப் பெயரிலிருந்து உதிர்த்ததன் பெருமிதமும் அதில் இருக்கிறது. உலகத்துப் படிவங்கள் அந்தப் பெருமிதத்தை அறியமாட்டா. அவற்றுக்கு அது வெறுங்கட்டம்.

விலாசத்தின் எழுத்துகள் ஒருகாலத்தில் கொழும்பிலும் இரங்கூனிலும் கதவைத் திறந்தன; இன்று ஓரெழுத்து கதவை அடைக்கிறது. எழுத்து மாறவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த குழு போய், படிக்கத் தெரியாத பொது வங்கி வந்திருக்கிறது.

இதை வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. ஒரு சொல்லில் இலட்சங்கள் கைமாறிய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவது எளிது. நாமும் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அந்த மயக்கத்தில்தான் இருந்தோம். ஆனால் அந்தச் சொல் யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால் மயக்கம் தெளிகிறது. இன்ன குடும்பத்தில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். கிட்டங்கியின் கூடத்தில் கடையநல்லூர்த் தொழிலாளிக்கு இடமில்லை. பர்மிய உழவனுக்குக் கடனாளி என்ற இடம் மட்டுமே. மாணவருடைய கையிலிருந்த பட்டியல் அலுப்பூட்டுவது. ஆயினும் அதில் 'யாருடைய மகன்' என்ற வரி இல்லை. பண்பொழியில் ஒரு சிறு விவசாயியின் மகன், சராப்பின் தயவும் கோயில் கூட்டத்தின் ஒப்புதலும் இன்றி, தாள்களை அடுக்கிக் காட்டியே சிங்கப்பூரில் ஒரு கணக்கைத் திறக்க முடியும் என்பது சிறிய செய்தியன்று. அறிமுகம் இல்லாதவனுக்கு ஆவணமே அறிமுகம்.

ஆவணம் அனைத்தையும் காக்கும் என்று நம்பவும் வரலாறு விடுவதில்லை. 1938-இன் வைப்புச் சீட்டும் 1964-இன் கியாட் தாளும் அதற்குச் சாட்சி. தாளின் பின்னால் அதை மதிக்கும் அரசு வேண்டும். அரசின் பின்னால் அதை நேர்மையாக வைத்திருக்கும் மக்கள் வேண்டும். முசிறிச் சுவடியின் ஒப்பந்தமும் பாருஸ் கல்லின் குழுவும் ஒன்றையொன்று நாடியே நிற்கின்றன.

மாணவரிடம் நாம் கடைசியில் சொன்னது மிக எளிய யோசனை: மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தந்தையார் நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தந்து, அதற்கும் அப்போஸ்டில் பெற்றுவிடட்டும். முதலெழுத்தை விரித்து எழுதும்போது பாட்டனார் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். வங்கிக்கு அது தேவையில்லை. இருந்தாலும் எழுதச் சொன்னோம். பண்பொழியை விட்டு வெளியே போகாத அந்தப் பாட்டனாரின் பெயர், ஒரு தாளிலாவது கடலைக் கடக்கட்டும்.